நான்கு விநாடி

விண்ணப்பத்தின் ஒன்பதாம் பெட்டி கேட்டது:
கல்வியியல் முதுகலை பயில உமது நோக்கம் என்ன?
ஐந்நூறு சொற்களுக்குள்.
பதவி உயர்வு என்று தட்டினேன். அழித்தேன்.
சனிக்கிழமைகளில் வீட்டில் இல்லாமல் இருக்க
என்று தட்டினேன். சிரித்தேன். அதையும் அழித்தேன்.
கடைசியில் எழுதியது பொய்யில்லை,
ஆனால் யாரோ ஒரு நல்ல பெண் எழுதியதுபோல் இருந்தது.
தலைமையாசிரியர் சவரிராஜ் படிக்காமலே ஒப்பமிட்டார்.

பிறகு மூன்று ஆண்டு.
பட்டர்வொர்த் ஜெட்டியில்
மோட்டாரை ஃபெரிக்குள் உருட்டி நிறுத்தி
அதன் இருக்கையை மேசையாக்கி
இரண்டாம் அத்தியாயத்தைத் திருத்துவேன்.
ஒருமுறை காற்று இருபத்து மூன்றாம் பக்கத்தை
வாங்கிக் கடலிடம் கொடுத்தது.
பெரிதாக ஒன்றும் போகவில்லை,
மேற்கோள்கள்தான்.
பினாங்குக் கரையில் இறங்கிக்
குளுகோர் போய்ச் சேர்வதற்குள்
மழை என்னை ஒருமுறை நனைத்துக்
காயவும் வைத்துவிடும்.

என் ஆய்வு சின்னது:
தமிழ்ப் பாடத்தைச் சத்தமாக வாசிக்கையில்
மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள்
எந்த இடத்தில் நின்றுபோகிறார்கள்.
பன்னிரண்டு பிள்ளைகள், ஒரு ஒலிப்பதிவுக் கருவி,
எல்லாரையும்விட உரக்க வாசிக்கும் தகரக் கூரை.

‘அவன் பயந்து நின்றான்’ என்று எழுதினேன்.
டாக்டர் ரொஸ்னானி ஓரத்தில் சிவப்பில் கேட்டார்:
பயத்துக்கு ஆதாரம்?
‘வெட்கப்பட்டான்.’
ஆதாரம்?
இரவு பதினொன்றுக்குமேல்
காதில் மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டேன்.
மூச்சு. நாற்காலி இழுபடும் ஓசை.
தூரத்தில் கேண்டீன் தட்டுகள்.
அப்புறம் எழுதினேன்:
‘ழகரச் சொல்லுக்கு முன் நான்கு விநாடி மௌனம்.’
பக்கத்தில் சின்னதாய் ஒரு சரி.

பெயரும் கூடாது என்றது நெறிமுறைக் குழு.
இங்கேயும் சொல்லமாட்டேன்,
அவன் அப்பாவின் முன்னால் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
இடது புருவத்தில் ஒரு வெட்டு இருக்கும்…
அதுவும் அடையாளம். விடுங்கள்.
மூரிட் துஜோ, மாணவர் ஏழு.

பட்டமளிப்பு அங்கி வாடகைக்கு.
கழுத்தில் அரித்தது.
திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்து
முன்பணத்தை எண்ணி வாங்கினேன்.
சிவப்பு அட்டை போட்ட ஆய்வேடு மட்டும்
ஆசிரியர் அறையில் என் மேசைமேல்,
மேலே டிபன் பெட்டி.

ஆறாம் ஆண்டு நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தான்.
“டீச்சர், இதுலதான் நாங்க இருக்கோமா?”
இருக்கீங்க.
“என் பேரு?”
பேர் போடக் கூடாதுப்பா. நீ மூரிட் துஜோ.
“ஏழா? என் ஜெர்சி நம்பர்!”
அவனுக்கு அது போதுமாயிருந்தது.
எனக்குத்தான் கொஞ்சம் குறைந்தது.

டிபன் பெட்டியை நகர்த்தி
எண்பத்தோராம் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன்.
ஆய்வு மலாயில்.
ஒற்றைக் காலில் நின்றபடி
சத்தமாக வாசிக்கத் தொடங்கினான்,
தன் மௌனத்தைப் பற்றிய பத்தியை,
எங்கேயும் நிற்காமல்.
முன்னும் பின்னும் ஒட்டுகள் சேர்ந்து நீண்ட சொற்களை
வாய்க்கால் தாண்டுகிறவன்போல் தாண்டினான்.
முற்றுப்புள்ளியில் மட்டும் மூச்சு வாங்கினான்.

எந்த அட்டவணையிலும் இது இல்லை.
நான் இந்த மொழியில் அவனை
ஒருநாளும் வாசிக்கச் சொன்னதில்லை.

“நாலு செக்கண்டா டீச்சர்?
அவ்ளோதானா?”
விரலை அந்த எண்மேல் வைத்திருந்தான்.
“எனக்கு ரொம்ப நேரமாட்டம் இருந்துச்சி.”

சிவப்பில் கேள்வி இருந்த ஓரம்
அச்சில் வெள்ளையாக இருந்தது.
எவ்வளவு நேரம் என்று கேட்க வாயெடுத்தேன்.
மணி அடித்துவிட்டது.
அடுத்து அவனுக்கு உடற்கல்வி.